பேனா விளக்குப் பற்றறியும் எண்பது வீதமும்

2002 ஆம் ஆண்டு பெப்ரவரியில் நோர்வேயின் அனுசரணையுடன் இலங்கை அரசும் விடுதலைப் புலிகளும் செய்துகொண்ட போர்நிறுத்த உடன்படிக்கையை இன்று எடுத்துப் படிப்பவர் மிகச் சிலரே. அதன் பின்னிணைப்பில் ஒரு சிறு பட்டியல் உண்டு. புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகளுக்குப் பொருள்கள் தடையின்றிச் செல்லலாம், சிலவற்றைத் தவிர என்று உடன்படிக்கை கூறுகின்றது. அந்தச் சில எவை என்பதே பட்டியல். ஆயுதம், வெடிமருந்து, தொலைவிலிருந்து இயக்கும் கருவி, முட்கம்பி, தொலைநோக்கி, திசையறி கருவி. இவற்றோடு சமமாக, பேனா விளக்குப் பற்றறி.

சுண்டுவிரல் பருமனுள்ள ஒன்றரை வோல்ட் மின்கலம் ஒன்று, முட்கம்பிக்கும் வெடிமருந்துக்கும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அரசியல் ஆவணம் உலகில் வேறெங்கேனும் உண்டா என்று எனக்குத் தெரியவில்லை. அந்தப் பட்டியல் எங்கோ கொழும்பிலும் ஒஸ்லோவிலும் எழுதப்பட்டிருக்கலாம். அதன் பொருளை நன்கு உணர்ந்தவர்கள் மன்னார் மாவட்டத்து மக்கள். தீவு 1990 இன் இறுதியில் இராணுவத்தின் வசமாயிற்று. கடலுக்கு அப்பாலிருந்த பெருநிலப்பரப்பின் பெரும்பகுதி புலிகளிடம் இருந்தது. இரண்டுக்கும் இடையே உயிலங்குளத்தில் சோதனைச் சாவடி. ஒரே மாவட்டம், ஒரே மறைமாவட்டம், ஒரே சந்தை. ஆயினும் மன்னார் பட்டினத்தில் கடையில் கிடைக்கும் பற்றறி, சில மைல் தள்ளி அடம்பனில் கடத்தற்பொருள்.

இந்தப் பழைய கதையை இப்போது எழுதக் காரணம் ஒரு புதிய கேள்வி. கைத்தொலைபேசியை 100 வீதம்வரை சார்ஜ் ஏற்றாமல் 80 வீதத்தில் நிறுத்திக்கொண்டால் அதன் பற்றறி நெடுங்காலம் உழைக்குமா? புலம்பெயர்ந்த நாடுகளிலிருந்து விடுமுறைக்கு வரும் பிள்ளைகள் தங்கள் கைத்தொலைபேசியில் அந்த வரம்பை இட்டுவைத்திருக்கிறார்கள். ஊரிலிருக்கும் பெரியவர்களோ, கிடைக்கிறபோது நிரப்பி வைப்பதுதானே முறை என்கிறார்கள். இரு சாராருக்கும் இடையே நடக்கும் இந்தச் சிறு வழக்கைப் பல வீடுகளில் கேட்டுவிட்டேன். தீர்ப்புச் சொல்லுமுன் வரலாற்றைப் பார்ப்பது பத்திரிகைக்காரனின் கெட்ட பழக்கம்.

1990 இல் பொருளாதாரத் தடை விதிக்கப்பட்ட பின்னர், வடக்கில் அரச கட்டுப்பாட்டுக்கு வெளியே வாழ்ந்தவர்களுக்கு மின்சாரம் இல்லை, எரிபொருள் அரிது, பற்றறி தடைசெய்யப்பட்ட பொருள். ஆனால் செய்தி வேண்டும். மடு தேவாலயத்தைச் சுற்றி ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அடைக்கலம் புகுந்திருந்த காலம் அது. அங்கும், தீவில் பேசாலையிலும் ஐ.நா. அகதிகள் ஆணையம் திறந்த நிவாரண நிலையங்களை நடத்தியது. அடுத்த ஷெல் எங்கே விழும், எந்தப் பாதை திறந்திருக்கிறது என்பவற்றை அறிய ஒரே வழி வானொலி. லண்டனிலிருந்து பி.பி.சி. தமிழோசை, மணிலாவிலிருந்து வெரித்தாஸ். இவ்விரண்டையும் கேட்க ஒரு வானொலிப் பெட்டிக்கு மூன்று வோல்ட்டோ ஆறு வோல்ட்டோ தேவை. அந்தச் சில வோல்ட்டுகளுக்காக மக்கள் செய்த வித்தைகளை ஒரு தனி நூலாகவே எழுதலாம்.

முதலாவது வித்தை வெயில். செத்த பற்றறிகளை முற்றத்தில் பாய் விரித்துக் கருவாடு காயவைப்பதுபோலக் காயவைப்பார்கள். மாலையில் எடுத்துப் போட்டால் வானொலி கால் மணி நேரம் பேசும். இரண்டாவது, கூட்டம் சேர்ப்பது. ஒன்றரை வோல்ட் கொடுக்க வேண்டிய கலம் அரை வோல்ட்தான் கொடுக்கிறதென்றால் இரண்டுக்குப் பதிலாக ஆறை வரிசையாக வை. பழைய பத்திரிகைத் தாளைச் சுருட்டிக் குழாயாக்கி, அதற்குள் கலங்களை ஒன்றன்பின் ஒன்றாக இறக்கி, இரு முனையிலும் கம்பி கட்டி வானொலிக்குக் கொண்டுபோவார்கள். (நாங்கள் எழுதிய பத்திரிகைகளுக்கு அப்படியொரு பயன் இருந்தது என்பதில் எனக்கு இன்றும் மகிழ்ச்சி உண்டு.) மூன்றாவது, சைக்கிள் டைனமோ. சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி ஒருவர் மிதிப்பார். பத்துப் பேர் சூழ இருந்து கேட்பார்கள். டைனமோ தருவது ஆறு வோல்ட், மூன்று வாட் அளவிலான ஆடலோட்டம். வானொலி விரும்புவது நேரோட்டம். அதற்காக நான்கு டயோட்டுகளை இணைத்து ஒரு சிறு பாலம் அமைக்க ஊருக்கு ஒரு கைவினைஞர் இருந்தார். மிதிப்பவர் உணர்ச்சிவசப்பட்டு வேகத்தைக் கூட்டிவிட்டால் பெட்டி எரிந்துபோகும். ஆகவே, எவ்வளவு கொடிய செய்தியானாலும் ஒரே சீராக மிதிக்கத் தெரிந்தவரையே அந்த வேலைக்கு அமர்த்துவார்கள்.

எதற்கும் உதவாமற் போன கலங்களைக்கூட எறியவில்லை. உடைத்து, உள்ளிருக்கும் கரியை எடுத்து, இலைச் சாற்றோடு குழைத்துப் பள்ளிக்கூடக் கரும்பலகைக்குப் பூசினார்கள். இது போருக்கு முன்பும் இருந்த வழக்கம், தமிழகக் கிராமங்களிலும் உண்டு. தடைக் காலத்தில் அது ஒரு தேவையாயிற்று.

1990 ஒக்டோபரில் புலிகளால் மன்னாரிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களையும் இங்கே சொல்லாமல் விடுவது முறையன்று. எருக்கலம்பிட்டியிலிருந்தும் முசலிப் பகுதியிலிருந்தும் சென்றவர்கள் புத்தளத்து ஓலைக் கொட்டில்களில் ஆண்டுக்கணக்காக வாழ்ந்தார்கள். அங்கே பற்றறிக்குத் தடை இல்லை; வாங்கப் பணம்தான் இல்லை.

இனி, இந்த வித்தைகள் ஏன் பலித்தன என்று பார்ப்போம். வெயிலில் காயவைத்தல் மூடநம்பிக்கை அன்று. டோர்ச் விளக்குக் கலத்தின் வெளிக்கூடு துத்தநாகம் (இலங்கைப் பாடநூலில் இதை நாகம் என்றே படித்தோம்); நடுவில் கரிக்கோல்; இடையில் மங்கனீசு ஈரொட்சைட்டுக் கலவை. தொடர்ந்து மின்னெடுக்கும்போது உள்ளே உண்டாகும் விளைபொருள்கள் வேதிமாற்றத்துக்குத் தடையாகத் திரளும். ஓய்வு கொடுத்தால் அவை ஓரளவு கலையும். சூடேற்றினால் உள்ளிருக்கும் அயன்கள் விரைந்து நகரும். ஆக, பழைய உலர்கலத்துக்கு ஓய்வும் வெப்பமும் மருந்து. அது மக்கள் அனுபவத்தில் கண்டறிந்த உண்மை.

ஆனால் அது அந்தக் கலத்துக்கு மட்டுமான உண்மை. இதைத்தான் நாம் மறந்துவிடுகிறோம்.

மன்னாருக்கும் மின்கலத்துக்குமான உறவு போரோடு தொடங்கியதல்ல. 1850களின் பிற்கூறில் இலங்கையை இந்தியாவோடு இணைத்த கடலடித் தந்திக் கம்பி மன்னார்த் தீவு வழியாகவே சென்றது. அக்காலத்துத் தந்திக்கு வேறு மின்சாரம் ஏது? தந்தி நிலையங்களில் கண்ணாடி அல்லது மண் சாடிகளில் உலோகத் தகடுகளை அமிழ்த்தி வைத்த கலங்களே கொழும்பின் செய்தியைச் சென்னைக்குத் தள்ளின. அந்தச் சாடிகளில் நீர்மட்டம் பார்ப்பதும், தேய்ந்த தகட்டை மாற்றுவதும் தந்தி ஊழியரின் அன்றாடக் கடமை. இன்னும் பின்னோக்கிப் போனால் ஒரு வேடிக்கை. இத்தாலியரான அலெசாண்ட்ரோ வோல்ட்டா 1800 இல் உலகின் முதல் மின்கல அடுக்கை அறிவித்தபோது அதைச் செயற்கை மின்னுறுப்பு என்றே அழைத்தார். தொட்டால் மரத்துப்போகச் செய்யும் மின் திருக்கையின் உடலில் வட்டுகள் அடுக்கியது போலிருக்கும் உறுப்பே அவருக்கு முன்மாதிரி. மின் திருக்கை இனங்கள் மன்னார் வளைகுடாவிலும் உண்டு. வோல்ட்டா பிறப்பதற்குப் பன்னூறாண்டுகளுக்கு முன்பே இந்தக் கரையில் வலை இழுத்தவர்கள் மின்கலத்தைக் கையால் தொட்டுப் பார்த்தவர்கள் என்று சொன்னால் மிகையாகாது.

இருபதாம் நூற்றாண்டில் வந்தது கார் பற்றறி. பிரான்சு நாட்டவரான கஸ்ரன் பிளான்ரே 1859 இல் உருவாக்கிய ஈய-அமிலக் கலத்தின் வழித்தோன்றல். கோயில் திருவிழாவுக்கு ஒலிபெருக்கி, கலியாண வீட்டுக்கு வீடியோ, தடைக் காலத்தில் மருத்துவ நிலையத்துக்கு விளக்கு, எல்லாம் அதன் தயவு. இதற்கான விதி வேறு. ஈயப் பற்றறியை ஒருபோதும் வெறுமையாக விடக்கூடாது. இறங்கிய நிலையில் கிடந்தால் தகடுகளில் ஈயச் சல்பேற்றுப் படிகம் இறுகிவிடும். பிறகு எவ்வளவு ஏற்றினாலும் பழைய வலு வராது. எனவே, பயன்படுத்தியதும் ஏற்று, முழுவதும் ஏற்று, வடித்த நீர் ஊற்று என்று சார்ஜ் கடைக்காரர் சொன்னது வேதவாக்கு. நம் பெரியவர்களின் மனத்தில் பதிந்திருக்கும் "எப்போதும் நிரப்பி வை" என்ற கட்டளையின் பிறப்பிடம் அதுவே.

அதற்கடுத்து வந்தது நிக்கல்-கட்மியம். கமராக்கள், கம்பியில்லாத் தொலைபேசிகள், தொடக்ககாலக் கைத்தொலைபேசிகள் ஆகியவற்றில் இருந்தது இது. முழுவதும் இறங்குமுன் திரும்பத் திரும்ப ஏற்றினால் அந்தக் கலம் தன் முழுக் கொள்ளளவையும் மறந்துவிடும் என்றார்கள். ஞாபக விளைவு என்று அதற்குப் பெயர். ஓரளவு உண்மைதான். அதனால் பிறந்தது இன்னொரு கட்டளை: முற்றாக இறக்கி, முற்றாக ஏற்று. இலங்கையில் கைத்தொலைபேசிச் சேவை 1989 இலேயே தொடங்கிவிட்டாலும் வடக்கு மக்களின் கைக்கு அது பரவலாக வந்தது 2002 க்குப் பிறகே. கருவி வந்து சேர்ந்தபோது நிக்கல் காலம் முடிந்துகொண்டிருந்தது. அதற்குரிய அறிவுரை மட்டும் முழு உயிரோடு கூடவே வந்து சேர்ந்தது. புதுக் கைத்தொலைபேசியை எட்டு மணி நேரம் ஏற்றிய பின்னரே திறக்கவேண்டும் என்று கடைக்காரர்கள் சொல்லியனுப்பிய காலம் பலருக்கும் நினைவிருக்கும்.

இப்போது நம் சட்டைப்பையில் இருப்பது இலிதியம்-அயன். ஸ்ரான்லி விற்றிங்ஹம் 1970களில் அடித்தளமிட்டு, ஜோன் குடினஃப் 1980 இல் கோபால்ற்று ஒட்சைட்டைப் புகுத்தி, அகிரா யோஷினோ 1985 இல் பாதுகாப்பான வடிவம் கொடுத்து, சோனி நிறுவனம் 1991 இல் சந்தைக்குக் கொண்டுவந்தது. மூவருக்கும் 2019 இல் வேதியியல் நோபல் கிடைத்தது. குடினஃபுக்கு அப்போது 97 வயது. நோபல் வரலாற்றில் அத்தனை வயதில் பரிசு பெற்றவர் வேறெவரும் இல்லை. மின்கலத்தின் நீண்ட ஆயுளைப் பற்றிப் பேசும்போது இதையும் சொல்லத்தான் வேண்டும்.

இந்தக் கலத்தின் இயல்பு முந்தியவற்றுக்கு நேர்மாறானது. ஞாபக விளைவு இல்லை என்றே கொள்ளலாம். முற்றாக இறக்குவது நன்மையன்று, தீமை. வெயில் மருந்தன்று, நஞ்சு. முழு நிறைவும் அதற்கு ஒரு சுமைதான். வழமையான கலமொன்று நிறையும்போது 4.2 வோல்ட்டை எட்டும். இன்றைய கைத்தொலைபேசிகள் பலவற்றில் இன்னும் சற்றுக் கூடுதல். அந்த உயர் அழுத்தத்தில் உள்ளிருக்கும் மின்பகுபொருள் நேர்வாயில் மெல்ல ஒட்சியேற்றமடைந்து சிதையும். எதிர்வாயான காரீயத்தின்மேல் படியும் மெல்லிய படலம் தடித்துக்கொண்டே போய், ஓடித்திரிய வேண்டிய இலிதியத்தைச் சிறைபிடிக்கும். வெப்பம் இவை இரண்டையும் விரைவுபடுத்தும்.

மின்கலச் சோதனைக் கருவிகள் செய்யும் கனடிய நிறுவனமான கடெக்ஸ் வெளியிட்ட ஓர் அட்டவணை பரவலாக எடுத்தாளப்படுகிறது. கலத்தை ஓராண்டு சும்மா வைத்திருந்தால் எவ்வளவு கொள்ளளவு மிஞ்சும் என்பது கணக்கு. 25 பாகை செல்சியசில், 40 வீதம் ஏற்றி வைத்த கலத்தில் 96 வீதம் மிஞ்சும். முழுவதும் ஏற்றி வைத்ததில் 80. வெப்பம் 40 பாகையானால், முன்னையதில் 85, பின்னையதில் 65. அதே நிறுவனத்தின் இன்னொரு கணக்கின்படி, நிரப்பும் அழுத்தத்தை 0.10 வோல்ட் குறைத்தால் கலம் தாங்கும் சுற்றுகளின் எண்ணிக்கை ஏறக்குறைய இரட்டிக்கும். இவை பழைய கலங்களில் எடுத்த எண்கள். இன்றைய கலங்கள் மேம்பட்டவை. ஆனால் போக்கு மாறவில்லை. அப்பிள் நிறுவனம் 2019 இல் இரவு நேரத்தில் 80 வீதத்தில் காத்திருக்கும் முறையையும், 2023 இல் வந்த ஐபோன் 15 இல் 80 வீதத்தோடு அறவே நிறுத்தும் வசதியையும் தந்தது. சாம்சங் முதலில் 85 என்றது, பின்னர் 80 என்றது. விற்றால்தான் இலாபம் காணும் நிறுவனங்களே ஆயுளை நீட்டும் வழியைத் தருகின்றன என்றால் அதில் உண்மை இருக்கத்தான் வேண்டும்.

ஆகவே கேள்விக்கு நேர்விடை: ஆம், வரம்பு உதவும். ஆனால் அதோடு வழக்கு முடிந்துவிடவில்லை.

மன்னாரின் பகல் வெப்பம் ஆண்டின் பெரும்பகுதியில் 30 பாகையைத் தொட்டும் தாண்டியும் நிற்பது. தகரக் கூரையின் கீழும், திறந்த படகின் அணியத்திலும், மோட்டார் சைக்கிளின் முன்பெட்டியிலும் அது எவ்வளவு என்று சொல்ல வேண்டியதில்லை. மேலேயுள்ள எண்களை மறுபடி பாருங்கள். முழுவதும் நிறைந்திருப்பது ஒரு கேடு, சூடு ஒரு கேடு; இரண்டும் சேர்ந்தால்தான் பெருங்கேடு. குளிர்நாட்டில் 100 வீதம் ஏற்றுபவரைவிட, பேசாலையில் 80 வீதத்தோடு நிறுத்திவிட்டுக் கருவியை வெயிலில் போட்டுவைப்பவரே அதிகம் இழக்கக்கூடும். ரொறன்ரோவிலிருந்து வந்த அறிவுரையில் இந்தப் பாதி விடுபட்டுப்போகிறது.

இன்னொரு பக்கமும் உண்டு. சில ஆண்டுகளில் பற்றறி இழக்கப்போவது ஏறத்தாழ 20 வீதம். அந்த இருபதைக் காப்பாற்ற இன்றிலிருந்தே நாள்தோறும் 20 வீதத்தைத் துறப்பது என்ன கணக்கு என்று கேட்பவர்களுக்கு நேரடி மறுமொழி இல்லை. அலுவலக மேசையில் மின்செருகியின் அருகே அமர்ந்திருப்பவருக்கு அந்த இருபது தேவையே இல்லை, அவர் துறக்கலாம். இரவு கடலுக்குப் போகிறவருக்கு அது உயிர். 1974 இலும் 1976 இலும் இரு நாடுகளும் செய்துகொண்ட உடன்படிக்கைகள் பாக்கு நீரிணையிலும் மன்னார் வளைகுடாவிலும் ஒரு கோட்டைக் கீறின. கடலில் அந்தக் கோடு தெரியாது. இன்று சிறு படகில் செல்லும் பலருக்கு அதைக் காட்டுவது கையிலிருக்கும் தொலைபேசி. இயந்திரம் நின்றால் கரைக்குச் சொல்வதும் அதுவே. விடியுமுன் அது அணைந்துபோனால், பற்றறியின் ஐந்தாண்டு ஆயுளைப் பற்றி யார் கவலைப்படுவார்? நான் கேட்டறிந்த மீனவர் ஒருவர் இதைத் தம் பாணியில் சொன்னார்: "தண்ணிக் கான அரைவாசியோட ஆரும் கடலுக்குப் போவினமோ, தம்பி?"

அவருக்கு நான் சொன்னது இது. கடலுக்குப் போகும் நாளில் 100 வீதம் ஏற்றுங்கள். ஆனால் வலை ஏற்றும் நேரத்துக்குச் சற்று முன் அது நிறையட்டும். முதல் நாளே நிரப்பிப் பகலெல்லாம் சூட்டில் கிடக்க விடாதீர்கள். கரையில் நிற்கும் நாள்களில் எண்பதோ எழுபதோ போதும். கேடு செய்வது நிரப்புதல் அன்று. நிறைந்த நிலையில் நெடுநேரம் கிடத்தல். பருவம் முடிந்து கருவியை எடுத்துவைப்பதானால் பாதியளவில் வைக்கவேண்டும். வெறுமையாக வைத்தால் அடுத்த பருவத்தில் அது கண்விழிக்காமலே போகலாம். சிலாவத்துறைக் கரைக்குப் பருவத்துக்குப் பருவம் தெற்கிலிருந்து வந்து வாடி போட்டுத் தொழில் செய்பவர்களுக்கும் இது பொருந்தும்.

எனினும், அறிவியல் தெளிவானாலும் கை கேட்பதில்லை. 2022 மார்ச் இறுதியில் நாடு முழுவதும் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் மின்வெட்டு வந்தது. மின்சாரம் வந்த சிறு பொழுதில் வீட்டிலிருந்த கைத்தொலைபேசி, சிறு பற்றறிப் பெட்டி, அவசர விளக்கு அனைத்தையும் வரிசையில் வைத்து நிரப்பினோம். எண்பதில் நிறுத்தும் எண்ணம் எவருக்கும் வரவில்லை. வந்திருந்தால் அது அறிவீனம். அதே ஆண்டில்தான் டொலரின் விலை 200 ரூபாவிலிருந்து 360 ஐத் தாண்டியது. கைத்தொலைபேசியின் விலையும் அதோடு ஏறியது. முன்பு இரண்டாண்டுக்கு ஒருமுறை மாற்றியவர்கள் நான்காண்டு, ஐந்தாண்டு என்று வைத்திருக்கத் தொடங்கினார்கள். பற்றறியின் ஆயுள் குடும்ப வரவு செலவில் ஓர் இனமாயிற்று. நிரப்பி வைக்கவேண்டிய அச்சமும், நிரப்பாமல் காக்கவேண்டிய தேவையும் ஒரே ஆண்டில் ஒரே வீட்டுக்குள் வந்து சேர்ந்தன.

வரம்பு இட்டுவைக்கும் பிள்ளைகளுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். உங்கள் தாயார் 100 வீதம் காணும்வரை கம்பியைக் கழற்ற மறுக்கிறார் என்றால் அது அறியாமை அல்ல. உயிலங்குளத்தில் பைக்குள்ளிருந்த இரண்டு பற்றறிகளுக்காகப் பதைத்து நின்ற தலைமுறை அது. நிறைவில்லாத பற்றறியோடு உறங்கப் போக அவர்களால் இயலாது. மன்னார்த் தீவின் தென்கரையில் 2020 டிசெம்பரில் திறக்கப்பட்ட தம்பபவனி காற்றாலையின் முப்பது கோபுரங்கள், 103.5 மெகாவாட் கொள்ளளவோடு, அவர்கள் வாசலிலிருந்து பார்த்தாலே தெரியும். அதனாலும் அந்தப் பழக்கம் மாறிவிடவில்லை.

ஐரோப்பாவில் வாழும் வாசகர்களுக்கு ஒரு செய்தி. 2025 ஜூன் 20 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் புதிதாகச் சந்தைக்கு வரும் கைத்தொலைபேசிகளின் பற்றறி 800 சுற்றுகளுக்குப் பின்னும் 80 வீதக் கொள்ளளவோடு இருக்கவேண்டும் என்பது விதி. நீங்கள் பயன்படுத்திய கருவியை ஊருக்குக் கொடுத்தனுப்பும் வழக்கம் தொடரும் என்பதால் இதன் பயன் கடைசியில் இங்கேயும் வந்து சேரும். அனுப்புமுன் பற்றறியின் நிலையை ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஊருக்கு வந்து சேர்வது பெரும்பாலும் அதன் இரண்டாவது வாழ்வு. சில வேளை மூன்றாவது.

தடைக் காலத்து டைனமோ வானொலிகளில் ஒன்றுகூட எந்த அருங்காட்சியகத்திலும் என் கண்ணில் பட்டதில்லை. மடுவிலோ அடம்பனிலோ விடத்தல்தீவிலோ அப்படியொரு பெட்டியைச் செய்தவர்கள், செய்யப் பார்த்தவர்கள் எவரேனும் இதைப் படித்தால், டயோட்டுகளை எங்கிருந்து பெற்றார்கள், சத்தம் இரையாமலிருக்க என்ன செய்தார்கள், யார் மிதித்தார்கள் என்பதை எழுதியனுப்புங்கள். பெயர் வேண்டாமென்றால் பெயரின்றியே பதிவு செய்கிறேன்.